ஏழாம் படுக்கையில் வந்த பெயர்

சுயம்புலிங்கம் காலை பத்து மணிக்கு இறந்துபோனார். பிற்பகல் இரண்டு மணிக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவின் பெரிய திரையில் அவர் பெயர் மறுபடியும் வந்தது. பக்கத்தில் நாடித்துடிப்பு எழுபத்தெட்டு.

பிறகு எண்பது. பிறகு எழுபத்தொன்பது.

அந்தத் திரையை ஓட்டும் மென்பொருளை எழுதியவர் நயினார். ஐம்பது வயதில், தன்னைவிட இருபது வயது இளையவரான ஜசிந்தா டீச்சரிடம் நிரல் எழுதக் கற்றுக்கொண்டவர். நர்ஸ் கூப்பிட்டதும் டீச்சரையும் அழைத்துக்கொண்டு ஓடிவந்தார்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே சுயம்புலிங்கத்தின் மனைவி பேச்சியம்மாள், உடலைத் தருவதற்கான காகிதத்துக்காகக் காத்திருந்தாள். திரையைப் பார்த்துவிட்டு, ஓடிவந்த நயினாரை நிறுத்தினாள்.

"தம்பி, அவுகளைக் கீழ ஐஸ் பெட்டியில வச்சிருக்காங்க. உசுரோடயா வச்சிருக்கீங்க?"

நயினார் உள்ளே போனதும் கணினியை அணைக்கப் பார்த்தார்.

"அணைக்காதீங்க அண்ணாச்சி," என்றார் ஜசிந்தா. "அணைச்சா அந்தப் பேரு போயிரும். ஏன் வந்துச்சுன்னு தெரியாது."

சுயம்புலிங்கம் கிடந்த ஏழாம் படுக்கையில் சற்று முன்புதான் வேறொருவரைச் சேர்த்து வயர்களை மாட்டியிருந்தார்கள். நினைவில்லாமல் கிடந்தார். ஜசிந்தா அவர் மணிக்கட்டைப் பிடித்து, ஒரு நிமிடம் எண்ணினார்.

"எழுபத்தொன்பது."

திரையில் இறந்தவரின் பெயருக்கு எதிரேயும் அதே எண்.

"இந்தப் படுக்கையில துடிப்பு மாறினா, உங்க மென்பொருள் யாருக்குச் சொல்லுது?"

"நோயாளியோட விண்டோவுக்கு, கணினியில ஒவ்வொருத்தருக்கும் திறக்கிற சின்னக் கட்டத்துக்கு. அது பேரையும் துடிப்பையும் பெரிய திரையில எழுதும்."

"பழைய ஆளோட விண்டோ?"

"காலையிலயே மூடியாச்சு டீச்சர். மூடினதுக்கு எப்படிக் கேக்கும்?"

"கேக்கச் சொல்லி ஒரு வரி எழுதினீங்க. போதும்னு ஒரு வரி எழுதினீங்களா?"

நயினார் நிரலைத் திறந்து பார்த்தார். படுக்கையின் துடிப்பைக் கேட்க விண்டோவைப் பதிவு செய்யும் வரி இருந்தது. மூடும்போது அந்தப் பதிவை விலக்கும் வரி இல்லை. மூடிய விண்டோ யார் கண்ணிலும் படாமல் நான்கு மணி நேரமாகக் கேட்டபடியே இருந்திருக்கிறது; புதியவரின் துடிப்பு வந்ததும், அவர் பெயருக்கு மேலேயே பழைய பெயரை எழுதிவிட்டது.

திரை ஓடாத நேரத்துக்கு நர்ஸ் நோயாளியின் நாடியைப் பிடித்தபடி நிற்க, நயினார் அந்த ஒரு வரியைச் சேர்த்து, மென்பொருளை மறுபடி ஓடவிட்டார். சுயம்புலிங்கத்தின் பெயர் மறைந்து புதியவரின் பெயர் வந்தது.

கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். பேச்சியம்மாள்தான்.

"தம்பி, இப்ப நின்னுபோச்சா?"

நயினார் குரலைத் தாழ்த்தினார். "டீச்சர், மிஷின் கோளாறுன்னு சொல்லிரட்டுமா?"

"மிஷின் நீங்க சொன்னதைத்தான் செஞ்சுது, அண்ணாச்சி. நீங்க சொல்லாம விட்டதைப் போய்ச் சொல்லுங்க."