முதுகு தெரிந்த நேரம்

நியாயாதிபதி அரங்கேசருக்கு வயது அறுபது. அவருடைய குரு உலகம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை. குன்றின் மேலே, சுனையோரத்துக் குகையில் இருந்தார் அந்தத் துறவி. மனசில் முள் தைத்தால் அரங்கேசர் அங்கே ஏறிப் போவார். அன்றும் மூச்சிரைக்க ஏறிப் போனார்.

உலகம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மடியில் முறம். கையில் சின்னக் கத்தி.

"நாளை ஒருவனுக்குத் தூக்கு எழுத வேண்டும், தாயே."

"எழுதும்."

"கை வரமாட்டேன் என்கிறது."

"என்ன செய்தான்?"

அரங்கேசர் சொன்னார். ஆட்டுக்காரன் சடையாண்டிக்கும் கொம்பையாவுக்கும் மேய்ச்சல் தகராறு. 'உன் காலை ஒடிக்காமல் விடமாட்டேன்' என்று கொம்பையா சந்தையில் வைத்தே கத்தியிருக்கிறான். பிறகு ஒருநாள் ஆற்றங்கரைத் தாழம்புதர் அருகே கொம்பையா வெட்டுப்பட்டுச் செத்துக் கிடந்தான். வெட்டியது நான்தான் என்று சடையாண்டியே ஒப்புக்கொண்டான்.

"திடீர்க் கைகலப்பில் செத்தான் என்றால் சட்டம் உயிரை விட்டுவிடும். திட்டம் போட்டுப் பதுங்கியிருந்து கொன்றால் விடாது. கொம்பையா வரும் முன்பே இவன் புதருக்குள் உட்கார்ந்திருந்ததை ஒரு பெண் பார்த்திருக்கிறாள்."

"அவன் என்ன சொல்கிறான்?"

"கொம்பையா தடியோடு வருவதைப் பார்த்துப் பயந்து ஒளிந்தேன் என்கிறான். அரிவாள் எதற்கு என்றால், தழை வெட்டுகிறவன் கையில் வேறென்ன இருக்கும் என்கிறான். பயந்து ஒளிந்தவனும் கொல்லப் பதுங்கியவனும் ஒரே மாதிரித்தானே குந்தியிருப்பார்கள்? எதை வைத்து நான் பிரிப்பது?"

கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். யோசிக்கும்போது அது அவர் வழக்கம். திறந்தபோது எதிரே முறம் மட்டும் கிடந்தது.

"தாயே?"

அரங்கேசர் எழுந்து தேடினார். பாறையைச் சுற்றிக்கொண்டு சுனைவரை போனார். ஒருவேளை வழுக்கி விழுந்துவிட்டாரோ என்று தண்ணீருக்குள் எட்டிப் பார்த்தார். திரும்பி வந்தபோதுதான், தான் கடந்துபோன பாறையின் இடுக்கில் உலகம்மை குந்தியிருப்பது தெரிந்தது. கையில் அதே கத்தி.

"பதறிப் போய்விட்டேன், தாயே!"

"நான் ஒளிந்திருந்தேன். கையில் கத்தி இருக்கிறது. உம்மைக் கொல்லப் பதுங்கினேனா?"

"சேச்சே! நீங்களா?"

"என்னைத் தெரியும் என்பதால் அப்படிச் சொல்கிறீர். தெரியாதவள் என்றால்?"

அரங்கேசரின் கண் அந்தக் கத்திக்குப் போனது.

"சுனையை எட்டிப் பார்த்தீரே, அப்போது என் பக்கம் இருந்தது உம் முகமா, முதுகா?"

அரங்கேசர் பாறையைப் பார்த்தார். சுனையைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, கும்பிடக்கூட மறந்து, கீழே இறங்க ஆரம்பித்தார்.

நேரே போனது பவளாயி வீட்டுக்கு. அன்று அக்கரையில் நாணல் அறுத்தவள் அவள்தான். சாட்சி சொன்னவளும் அவளே. நியாயாதிபதியே வாசலில் வந்து நிற்பதைப் பார்த்து வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள்.

"பயப்படாதே அம்மா. கொம்பையா வந்தான் அல்லவா, வந்தவன் புதருக்கு நேரே போனானா?"

"இல்லீங்களே. புதரைத் தாண்டி நேரா ஆத்துக்குப் போனாரு. குனிஞ்சு மொகம் கழுவுனாரு."

"புதர் எந்தப் பக்கம்?"

"முதுகுப் பக்கங்க."

"சடையாண்டி?"

"அசையல. பாவம், மூச்சுகூட விடாமத்தான் இருந்திருப்பான். அவரு திரும்பையில உள்ளே ஒரு ஆட்டுக்குட்டி கத்திருச்சு. உடனே அவரு தடியத் தூக்கிக்கிட்டுப் புதருக்குள்ள பாஞ்சாரு. அப்புறந்தான் அந்த அலறல் கேட்டுச்சு."

"இதை ஏன் சபையில் சொல்லவில்லை?"

"ஒளிஞ்சிருந்தானான்னு கேட்டாங்க, ஆமான்னேன். வேற ஒண்ணும் கேக்கலீங்களே."

மறுநாள் பவளாயி எல்லாவற்றையும் சபையில் சொன்னாள். 'கொல்வதற்குப் பதுங்கியவன், முதுகைக் காட்டிக் குனிந்தவனைப் போகவிட மாட்டான்' என்று அரங்கேசர் தீர்ப்பு எழுதினார். கை தடுமாறவில்லை. சடையாண்டியைத் தூக்கிலிருந்து விடுவித்து, செத்தவனுடைய தம்பிமாரின் கொதிப்பு அடங்கும்வரை ஆடுகளை ஓட்டிக்கொண்டு தெற்கே போய் இருக்கும்படி உத்தரவிட்டார். சடையாண்டியின் மனைவி இருந்த இடத்திலேயே மடங்கி உட்கார்ந்து, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். அன்றைக்குத்தான் அரங்கேசருக்குச் சோறு தொண்டையில் இறங்கியது.

ஊரைவிட்டுக் கிளம்பும் முன் சடையாண்டி அவரிடம் சொல்லிக்கொள்ள வந்தான். காலில் விழுந்தான். எழுந்தவன் போகாமல் நின்றான்.

"என்னப்பா?"

"சாமி, உசுரக் குடுத்த உங்ககிட்ட மறைக்கக் கூடாது. அந்தாளு குனிஞ்சு மொகம் கழுவையில, ஒரே போடா போட்டுரலாமான்னு நெனச்சேன். அருவாள இறுக்கிக்கூடப் பிடிச்சேன்."

"பிறகு?"

"முடியல சாமி. போய்த் தொலையட்டும்னு விட்டுட்டேன். போயிருந்தா நல்லாருந்திருக்கும்."

அவன் போய்விட்டான். அரங்கேசரால் உட்கார முடியவில்லை. வெயிலோடு வெயிலாக மறுபடியும் குன்றேறினார்.

"தவறிவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது, தாயே. முதுகு தெரிந்த நேரத்தில் அவன் கொல்ல நினைத்திருக்கிறான்!"

"யார் சொன்னது?"

"அவனேதான். அரிவாளை இறுக்கிப் பிடித்தானாம்."

"பிடித்து?"

"விட்டுவிட்டானாம்."

உலகம்மை சுனையில் ஒரு செம்பு தண்ணீர் மொண்டு அவரிடம் நீட்டினார். அரங்கேசர் வாங்கிக் குடித்தார். மூச்சு மெல்லச் சமப்பட்டது. இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

"ஆனாலும் நினைத்தானே, தாயே?"

"நினைக்காதவனிடம் விடுவதற்கு என்ன ஐயா இருக்கிறது?"