ஈயச் சிப்பாயின் கழுத்து

குன்னூரில் செசிலி டீச்சரிடம் ஈயச் சிப்பாய்களைப் பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டவர்களில் மூத்தவர் மாசிலாமணி. டீச்சருக்கு நாற்பது வயது. சீடருக்கு எழுபத்திரண்டு.

பங்களாவை விற்றுவிட்டுப் போன துரைமார் வீட்டுப் பிள்ளைகள் விளையாடிய சிப்பாய்கள் அவை. கை ஒடிந்தது, தலை போனது, குதிரை மட்டும் மிஞ்சியது என்று பெட்டி பெட்டியாக வரும். டீச்சர் ஒடிந்ததை ஒட்டுவார். ஒட்ட முடியாததை வேறு ஆளாக மாற்றிவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் டீச்சரும் சீடர்களும் அவற்றை மணல் மேஜையில் நிறுத்திப் பகடை உருட்டி, எங்குமே நடக்காத போர்களை நடத்துவார்கள்.

மாசிலாமணியின் போர் மட்டும் நடந்த போர். நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்பு அவர் தலைமையில் தொடங்கிப் பன்னிரண்டாம் நாள் தோற்றுப்போன பஞ்சாலை வேலைநிறுத்தம்.

ஒரு வருஷமாக அரமும் கையுமாக உட்கார்ந்து முப்பத்துநான்கு சிப்பாய்களைத் தொழிலாளிகளாக மாற்றியிருந்தார். துப்பாக்கியை அறுத்து எடுத்தார். ஈட்டியில் கொடி கட்டினார். சிவப்புக் கோட்டை அரைக்கைச் சட்டையாக்கினார். கால்களைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. பஞ்சாலைக்காரர்கள் அத்தனை பேரும் அணிவகுப்பில் போனார்கள்.

"அன்னிக்கு இப்படி நடந்திருந்தா ஜெயிச்சிருப்போம்" என்பார்.

ஒரு காலையில் முப்பத்தைந்தாவது ஆளைக் கொண்டுவந்து டீச்சர் முன்னால் வைத்தார்.

"டீச்சர், இவன் தலையைக் குனிய வைக்கணும். நான் வளைச்சா முறிஞ்சிரும்."

"யாரு தோழர் இது?"

"துரோகி. சென்னியப்பன். நாங்க முன்கேட்டுல நிக்கறப்ப பின்கேட்டு வழியா வேலைக்குப் போனவன். அவன் பின்னாடி நாப்பது பேர் போனாங்க. அதோட முடிஞ்சுது."

"தலை நிமிர்ந்திருந்தா ஆட்டம் ஆட முடியாதா?"

"ஞாயித்துக்கிழமை பழைய தோழர்கள் வர்றாங்க. மிச்சம் இருக்கறதே ஏழு பேர்தான். யாரால தோத்தோம்னு அவங்க கண்ணால பார்க்கணும். நான் நடத்தினதுல தப்பில்லைன்னு பார்த்துட்டுப் போகணும். அதுக்குத்தான் இந்த ஒரு வருஷமும்."

டீச்சர் வெந்நீரில் பொம்மையைப் போட்டார்.

"பழைய ஈயம், தோழர். கழுத்து ஒரு தடவைதான் வளையும். தப்பா வளைச்சுட்டு நிமிர்த்தினா தலை கையோட வந்துரும். அதனால ஆளைச் சரியாச் சொல்லுங்க."

மாசிலாமணி கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒல்லியா இருப்பான். நூல்பிரி மாதிரி. ஆனா குரலைப் பார்க்கணுமே! ராத்திரி எல்லாம் துண்டறிக்கை அடிச்சுட்டு, விடியக்காலம் ரெண்டு பேரும் ஒரே சைக்கிள்ல போவோம். அவன் மிதிப்பான், நான் பின்னாடி உக்காந்து வீசுவேன். கையெல்லாம் சிவப்பு மை. அந்தக் கையோடயே டீக்கடையில போய் பன் தின்போம். 'புரட்சி வயித்துக்குள்ள போயிருச்சு மாசி' ம்பான்." அவர் சிரித்தார். "பதினோரு நாளும் கஞ்சித்தொட்டி அவன் பொறுப்பு. எல்லாரும் குடிச்சாச்சான்னு கேட்டுட்டுத்தான் அவன் குடிப்பான். நான் பேசிட்டு இறங்கினா எனக்குன்னு ஒரு போசிக் கஞ்சி தனியா மூடி வெச்சிருப்பான். அந்த உப்பு இன்னும் நாக்குல இருக்குது."

சிரிப்பு நின்றது. அவருக்கே தன்மேல் கோபம் வந்தது.

"சரி, அதை விடுங்க. குனிய வைங்க."

"பயந்து குனிஞ்சாரா, வெட்கத்துல குனிஞ்சாரா?"

"அதுல என்ன இருக்குது?"

"பயந்தவன் கழுத்து தோளுக்குள்ள போகும். வெட்கப்பட்டவன் கழுத்து முன்னாடி விழும். ரெண்டும் வேற வளைப்பு."

"வெட்கம்தான்."

"பார்த்தீங்களா?"

"நான் எங்க பார்க்க? தார் டிரம் மேல நின்னு பேசிட்டு இருந்தேன். பின்கேட்டு ஆலைக்கு அந்தப் பக்கம்."

"மத்தவங்க?"

"மத்தவங்களா? அன்னிக்கு என் பேச்சு அப்படி, டீச்சர். முன்கேட்டுல நின்ன ஒரு ஆள் தலையைத் திருப்பலை. அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்துட்டு..."

பாதியில் நிறுத்தினார். வெந்நீர்க் கிண்ணத்தில் சென்னியப்பன் மல்லாந்து கிடந்தான்.

"எதுக்குப் போனார்னு அப்புறம் கேட்டிருப்பீங்களே?"

"துரோகிகிட்ட என்ன கேள்வி? அவனைப் பத்தி நானே பத்து நோட்டீஸ் எழுதினேன். ஊர் பூரா ஒட்டினேன். விலைபோனான்னு எழுதினேன்."

"விலைபோனவர் நிமிர்ந்துதானே நடப்பார்? குனியச் சொல்றீங்களே."

மாசிலாமணிக்கு முகம் சிவந்தது. மேடையில் குறுக்குக் கேள்வி கேட்டவனை ஒரே சொல்லில் உட்கார வைத்த வாய் அது. இன்று அதைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

டீச்சர் பொம்மையை எடுத்துத் துணியால் ஒற்றினார். அரத்தையோ இடுக்கியையோ தொடவில்லை. வளைக்காமலேயே மாசிலாமணியின் உள்ளங்கையில் வைத்தார். சூடு இன்னும் இருந்தது.

"அவர் இப்ப உயிரோட இருக்காரா?"

"இருக்கான். மேட்டுப்பாளையத்துல, மக வீட்டுல. பஸ்ல மலை இறங்கினா ஒரு மணி நேரம்."

"ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் மூணு நாள் இருக்கு, தோழர்."

மாசிலாமணி பொம்மையைத் துண்டில் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"'ஏன் போனே?'ன்னு அவன்கிட்டக் கேக்க எனக்கு வாய் வராது, டீச்சர். வேற என்னன்னு கேக்கறது?"

"'பின்கேட்டுக்குள்ள நுழையறப்ப எந்தப் பக்கம் பார்த்தே?' அது மட்டும் கேளுங்க. கழுத்தை அப்புறம் வளைச்சுக்கலாம்."