அலைக்குறிக்குள் ஒரு வீடு

கணினியில் ‘~’ என்னும் அலைக்குறி நம் வீட்டைக் குறிக்கும் என்று கற்றவர்களும் நம்புகிறார்கள். இத்தனை பெரிய பிழையைச் சுமந்துகொண்டு உலகம் எப்படி நடக்கிறது என்பதே வியப்பு. குறிக்கு எந்த வீடும் தெரியாது. கட்டளைத் திரைதான், கட்டளையிடுபவர் யாரென்று பார்த்து, அவருடைய கோப்புகள் அத்தனையும் குடியிருக்கும் வீட்டை அந்தக் குறியின் இடத்தில் வைக்கிறது.

மடத்தின் மூத்த சீடர் உலகநாதருக்கு இது தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம், போன ஆண்டு வந்த செங்கமலத்தின் நிரல் கிளை மடங்களுக்குப் போகப்போகிறது, தம்முடையது போகாது என்பதுதான். இரண்டுமே மடத்துத் தலைவரான அடிகளின் பாடங்களைச் சேமிக்கும் நிரல்கள். அவளுடையது எந்தக் கணினியிலும் ஓடியது. அவருடையதோ, அவர் கணினியை விட்டு இறங்கியதும் ‘அப்படி ஓர் இடம் இல்லை’ என்று நின்றுவிட்டது. தமது லினக்ஸ் வீட்டின் முழு முகவரியை அதில் எழுதியிருந்தார்.

ஒரு நாள் செங்கமலத்தின் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். கட்டளைத் திரையில் அவள் அலைக்குறி இட்டாள். அவள் வீடு திறந்தது.

“என்ன அண்ணா?”

“காற்று வாங்குகிறேன்.”

“ஜன்னல் அந்தப் பக்கம்.”

உலகநாதர் போய், தம் நிரலில் முகவரியை அழித்துவிட்டு அலைக்குறியை வைத்தார். தம் கணினியில் ஓட்டினார்; முணுமுணுப்பில்லை. அடிகளின் விண்டோஸ் கணினியில் ஓட்டினார், அங்கும் இல்லை.

“பார்த்தீர்களா சாமி!”

“பாடம் எங்கே?”

அடிகளின் வீட்டில் இல்லை. நிரலுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கோப்புறை முளைத்திருந்தது. நிரலுக்குள் எழுதிய குறியைக் கட்டளைத் திரை பார்க்கவில்லை; அது வெறும் பெயராகி நின்றது: ‘~’. பாடம் அதற்குள் கிடந்தது.

“இது யார் வீடு?”

உலகநாதரின் காது சிவந்தது.

“அவளுக்கு மட்டும் என்ன சொல்லிக்கொடுத்தீர்கள்?”

“ஒன்றுமில்லை. அவள் கேட்டாள்.”

“உங்களிடமா?”

“கணினியிடம். எங்கே போனாலும், ‘இங்கே இருப்பவருக்கு வீடு எது?’ என்று அவள் நிரல் முதலில் கேட்கிறது. உம்முடையது போனதும் சொல்கிறது.”

தம் கணினியிலும் அதே கோப்புறை முளைத்திருக்குமே என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. செங்கமலம் பார்த்துச் சிரிப்பதற்குள் ஓடினார். கட்டளைத் திரையைத் திறந்தார். உள்ளிருப்பதோடு சேர்த்து அழி என்று கட்டளையிட்டு, கோப்புறையின் பெயரை எழுதினார்: ~

கட்டளைத் திரை, கட்டளையிட்டவர் யாரென்று பார்த்தது. ஒரு பாடத்தை அழிக்க ஆவதைவிட அதிக நேரம் ஆயிற்று.

அன்று மாலை செங்கமலம் தன் கணினியில் அவருக்கு ஒரு புதிய வீடு திறந்துகொடுத்தாள்.