நீல ஹெரால்டு

“கையில காசு கம்மி. இந்த வண்டிய ரோட்டுக்குக் கொண்டு வர முடியுமா?” என்று கேட்டார் பிறவிப்பெருமாள்.

பட்டறை நடத்தும் ஜெபமணி வண்டியைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள்.

“எங்க போணும் அண்ணாச்சி?”

“நாகர்கோவிலுக்கு.”

“வள்ளியூர்ல இருந்து பஸ் இருக்கே.”

“இந்த வண்டியிலதான் போணும்.”

அவள் டிராக்டரில் கட்டி இழுத்து வந்திருந்த கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள்.

அது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஒரு காலத்தில் வெளிர்நீலம். இப்போது என்ன நிறம் என்று சொல்ல முடியாது. பிறவிப்பெருமாளின் அப்பா வாங்கியது. அவர் போன பிறகு தகரக் கொட்டகைக்குள் நின்று, கோழி அடைகாத்து, எலி குடும்பம் நடத்தி, ஒருவழியாகப் பட்டறைக்கு வந்து சேர்ந்திருந்தது.

ஊரில் ஏற்கெனவே இரண்டு பட்டறைகளில் கேட்டுவிட்டார். ஒருவர் சொன்ன தொகைக்கு அவர் வீட்டையே விற்க வேண்டும். இன்னொருவர் எடைக்குப் போடச் சொன்னார். துணிக்கடையில் விற்பனையாளராக இருந்து ஓய்வு பெற்றவருக்குச் சேமிப்பு என்று பெரிதாக என்ன இருந்துவிடும்?

“வேலைய நீங்க செய்யுங்க. நான் சொல்லித் தாரேன். கூலி மிச்சம்” என்றாள் ஜெபமணி.

“எனக்கு ஸ்பானர் பிடிக்கக்கூடத் தெரியாதும்மா.”

“கத்திரி பிடிக்கப் பிறந்தப்பவே தெரியுமா?”

தன் மகள் வயதுக்காரியிடம் அறுபத்து மூன்று வயதில் பிறவிப்பெருமாள் சீடரானார்.

இன்ஜின் இறுகிக் கிடந்தது. கைப்பிடியை மாட்டி முழுப் பலத்தோடு சுற்றப் பார்த்தார். தோள் வலித்ததுதான் மிச்சம்.

ஜெபமணி பிளக்குகளைக் கழற்றி, ஓட்டைகளில் எண்ணெய் ஊற்றினாள். துணியால் மூடினாள்.

“இப்போ என்ன செய்யணும்?”

“ஒண்ணும் செய்யக் கூடாது. ஊறட்டும்.”

“எவ்வளவு நாள்?”

“இது காத்திருக்கும் அண்ணாச்சி. காத்திருக்காதது எதுன்னு பாருங்க.”

பிரேக்கைச் சொல்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். சக்கரத்தைக் கழற்றி, அதைப் பிரிக்க உட்கார்ந்தார்.

அவருக்கு ஒரு தங்கை. செண்பகம். நாகர்கோவிலில் ராஜையன் என்கிற பள்ளிக்கூட வாத்தியாரை விரும்பிக் கட்டிக்கொண்டவள். வேறு சாதி, வேறு வேதம். அப்பா செத்த அன்று வாசல்வரை வந்தாள். சொந்தக்காரர்கள் உள்ளே விடவில்லை. தெருவே பார்த்துக்கொண்டு நின்றது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவள் கையைப் பிடிக்க பிறவிப்பெருமாளுக்கு அன்று தைரியம் வரவில்லை. யாரும் பார்க்காதபோது பஸ் ஸ்டாண்டுவரை அவள் பின்னாலேயே போனார்.

“அப்பா கார்லயே உன்னய கூட்டிட்டு வாரேன் செண்பகம். இதே தெரு பாக்கும்” என்றார்.

அவள் தலையை ஆட்டிவிட்டு பஸ் ஏறினாள்.

பிறகு அவருக்குப் பெண் பிள்ளைகளின் கல்யாணம் வந்தது. வீட்டுச் சுவர் இடிந்தது. மனைவிக்கு ஆபரேஷன். எப்போதாவது போனில் பேசினால், “வண்டி சரியாகட்டும், வாரேன்” என்பார். “சரிண்ணே” என்பாள்.

போன மாதம் ராஜையன் கூப்பிட்டிருந்தார். சர்க்கரை செண்பகத்தின் கண்ணுக்கு ஏறிவிட்டது. வலது கண் போய்விட்டது. இடது கண்ணும் மங்கிக்கொண்டே வருகிறது. “அண்ணனப் பாக்கணும்னு சொல்லுதா” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இதையெல்லாம் டீ குடிக்கும்போது பிறவிப்பெருமாள் ஜெபமணியிடம் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். டம்ளரைக் கழுவி வைத்தாள். அன்றைக்குப் பட்டறைக்கு வந்த வேறு வண்டிகளையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டாள்.

அதன் பிறகு வேலை வேகமாக நடந்தது.

பெட்ரோல் டேங்கை இறக்கி, உள்ளே ஜல்லியையும் மண்ணெண்ணெயையும் போட்டு இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்கினார்கள். துரு குழம்பு மாதிரி ஊற்றியது. கார்புரேட்டரைத் தட்டில் பிரித்து வைத்து, பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தார். கிடைக்காத ரப்பருக்கு வேறு வண்டியின் ரப்பரை அறுத்துப் பொருத்தினாள் ஜெபமணி. டயர்கள் மதுரைக் காயலான் கடையிலிருந்து வந்தன. பழையவைதான். ஆனால் கெட்டியானவை.

“இது இந்த வண்டி சாமான் இல்லையேம்மா?”

“வண்டிக்குத் தெரியாது அண்ணாச்சி.”

ஊறிய இன்ஜின் ஒருநாள் காலையில் தானாக இளகிக் கொடுத்தது. சித்திரை முடிவதற்குள் ஹெரால்டு இருமியது, புகைத்தது, பிறகு சீராக ஓடியது. பிறவிப்பெருமாள் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

ஜெபமணி டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள். திறந்தபடியே நின்றாள்.

“இப்படியேவா?” என்றார்.

வண்டி முழுக்க, பள்ளம் அடைக்க மக்குப் பூசிய திட்டுகள். முன்பக்கம் பம்பர் கிடையாது. சீட்டுக்கு மேல் சாக்கு விரித்திருந்தது.

“இதுல கூட்டிட்டு வந்தா தெரு சிரிக்கும்மா. அப்பா காலத்துல எப்படி இருந்துச்சு தெரியுமா? அந்த நீலம் வரணும். பம்பர் மின்னணும். அன்னிக்கு அவள உள்ள விடாதவன்லாம் வெளிய வந்து நின்னு பாக்கணும்.”

ஜெபமணி கதவைப் பிடித்தபடி நின்றாள். பிறகு மெதுவாகச் சாத்தினாள்.

பம்பருக்குக் கோயம்புத்தூரில் ஒருவரிடம் சொல்லி வைத்தார்கள். இன்று, நாளை என்று இழுத்தது. நீலம் சரியாக அமையவில்லை. ஒருமுறை அடித்தது கருநீலமாகப் போனது. சுரண்டிவிட்டு மறுபடி அடித்தார். அது பச்சையடித்தது. அதையும் சுரண்டினார். உப்புத்தாள் தேய்த்துத் தேய்த்து விரல் நுனியில் ரேகை அழிந்தது.

“இந்த நீலம் சரியா இருக்காம்மா?” என்று ஒவ்வொரு முறையும் கேட்டார்.

“நான் உங்க அப்பா வண்டியப் பாத்ததில்ல அண்ணாச்சி. பாத்தவங்க நாகர்கோவில்ல இருக்காங்க” என்று ஒவ்வொரு முறையும் சொன்னாள்.

ஆடி பிறந்தது. பம்பர் வந்தது. நீலமும் அமைந்தது. வெயிலில் நிறுத்தியபோது போவோர் வருவோரெல்லாம் நின்று பார்த்தார்கள். அப்பா பூஜைக்கு நிறுத்திய அதே ஹெரால்டு.

முதல் நெடும்பயணம் என்பதால் ஜெபமணியும் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

ராஜையன் வீட்டு வாசலில் அவர் ஹாரன் அடித்தார். அந்தச் சத்தமும் பழைய சத்தம்தான். கதவு திறந்தது. ராஜையனின் தோளைப் பிடித்துக்கொண்டு செண்பகம் வந்தாள். ஒவ்வொரு படியாகக் காலால் தடவி இறங்கினாள்.

பிறவிப்பெருமாள் ராஜையனைப் பார்த்தார்.

“ஆனி கடைசியில இருந்து சுத்தமாத் தெரியல மச்சான்” என்றார் ராஜையன்.

செண்பகம் கையை நீட்டினாள். பானெட் தட்டுப்பட்டது. உள்ளங்கையால் அதைத் தடவிக்கொண்டே முன்கண்ணாடி வரை வந்தாள்.

“வழுவழுன்னு இருக்குண்ணே. என்ன கலரு?”

“நீலம்” என்றார் பிறவிப்பெருமாள். “அதே நீலம்.”

“நல்லா இருக்கும்.”

அவள் கை வண்டியை விட்டுவிட்டு, காற்றில் எதையோ தேடியது. அவர் கிட்டே போனார். கை அவர் கன்னத்தில் பட்டது, காதில் பட்டது, தலைக்குப் போனது.

“முடி ரொம்பக் கொட்டிருச்சோ?”

“ஆமா.”

“நரைச்சிருச்சா?”

“பூராவும்.”

“நான் இன்னும் கறுப்பாவே நெனச்சுக்கிட்டு இருக்கேன்” என்று சிரித்தாள் செண்பகம். “போன பங்குனியில வந்திருந்தா இடது கண்ணுக்குக் கொஞ்சம் தெரிஞ்சிருக்கும். சித்திரையிலகூட ஆள் அசைவு தெரிஞ்சுது. பரவாயில்லண்ணே. குரல் அப்படியேதான் இருக்கு.”

அவள் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியவில்லை.

முன்சீட்டில் அவளை உட்கார்த்தினார். ராஜையன் பின்னால் ஜெபமணிக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். வண்டி நாகர்கோவிலைத் தாண்டி வள்ளியூர் பக்கம் திரும்பியது. ஆரல்வாய்மொழிக் காற்று உள்ளே புகுந்து செண்பகத்தின் முடியைக் கலைத்தது.

“காத்தாடி வந்திருச்சா?” என்றாள்.

“வந்திருச்சு.”

“சுத்துதா?”

“சுத்துது.”

“எத்தன சுத்துது, எத்தன நிக்குது? நீ ஒத்த வார்த்தையில சொன்னா நான் எப்படிப் பாக்க?”

பிறவிப்பெருமாள் வேகத்தைக் குறைத்தார். மலையோரமாகக் காற்றாலை ஒரு வரிசை, நெல்வயலுக்கு நடுவில் ஒரு வரிசை என்று ஆரம்பித்தார். வரப்பில் ஒரு கொக்கு நிற்பதைச் சொன்னார். தண்ணீர் கிடப்பதைச் சொன்னார். தண்ணீரில் மேகம் தெரிவதைச் சொன்னார். அவள் கண்ணை மூடி, சொல்லச் சொல்லத் தலையை ஆட்டிக்கொண்டே வந்தாள்.

மேகம் என்ன நிறம் என்று கேட்டாள்.

அவர் கண்ணில் ரோடு கலங்கியது. வண்டியை ஓரங்கட்டினார். இன்ஜின் இரண்டு தரம் உதறி அணைந்துபோனது.

தலையை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டார். சாவியைத் திருப்பக் கை போனது.

பின்சீட்டிலிருந்து ஜெபமணி முன்னால் குனிந்தாள்.

“வண்டி கெடக்கட்டும் அண்ணாச்சி,” என்றாள். “தங்கச்சி மேகத்தக் கேக்குது.”