கொடைக்கானலுக்குக் கொம்பு

மலையடிவாரத்து ஊர் ஒன்றில், தையல் கடைக்கு மேல் மாடியில், மெஹராஜ் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்து வந்தாள். அவளிடம் படித்தவர்களில் தணிகாசலம்தான் பெரியவர். லாரி புக்கிங் ஆபீசில் இருந்து ஓய்ந்தவர். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

பஸ் ஸ்டாண்டில் மாட்டப்போகும் டிவியில் எந்த பஸ் எப்போது கிளம்பும் என்று ஓட வேண்டும். அதை நானே செய்து தருகிறேன் என்று தணிகாசலம் வாயைக் கொடுத்துவிட்டார். அவர் எழுதும் முதல் ப்ரோக்ராம் அது. சரியாக வந்தால் பக்கத்து ஊர் வேலையும் அவருக்குத்தான். வராவிட்டால் டிரைவர்கள் வாயில் விழுந்து எழுந்திருக்க முடியாது.

திரையில் படமும் எழுத்தும் வரைந்து தர, யாராவது எழுதி எல்லோருக்கும் பொதுவாக இணையத்தில் போட்டுவைத்த ப்ரோக்ராம் தொகுப்புகள், அதாவது லைப்ரரிகள், உண்டு. அவர் இரண்டைப் பொறுக்கினார். ஒன்று தூரிகை. மற்றது சுள்ளி. கொடைக்கானல் என்று எழுதிப் பார்த்தால் இரண்டிலும் ஒரே கூத்து. முன்னால் நிற்க வேண்டிய கொம்பு, எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது.

பஸ் ஸ்டாண்டில் அதை எட்டிப் பார்த்த டிரைவர் ஒருவர், "என்ன பெரியவரே, கொடைக்கானல் வண்டி ரிவர்ஸ்லயா போகுது?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

தணிகாசலம் மாடியேறினார்.

"டீச்சர், ரெண்டுல எதை எடுக்கட்டும்? எனக்குத் தூரிகைதான் பிடிச்சிருக்கு. பாக்க லட்சணமா இருக்கு. இணையத்துல அதுக்குன்னு இருக்கிற புகார்ப் பக்கத்துல ரொம்ப நாளா யாரும் வாயே திறக்கல. சுள்ளியில குழாயடிச் சண்டை மாதிரி தினம் ஒரு புகார்."

மெஹராஜ் இடுப்புக் குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள். இரண்டிலும் ஒரு புகார் எழுதிப் போடச் சொன்னாள்.

"திட்டலாமா?"

"மரியாதையாத் திட்டுங்கண்ணே."

தெரிந்த இங்கிலீஷில் எழுதிப் போட்டார்.

தூரிகையில் சத்தமே இல்லை. சுள்ளியில் மறுநாள் காலையிலேயே எந்தத் தேசத்து ஆளோ ஒருவர் பதில் போட்டிருந்தார். தனக்குத் தமிழ் தெரியாதாம். அந்த வளைவு எந்தப் பக்கம் வரணும், வரைந்து அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். தணிகாசலம் பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் பெரிய கொம்பு ஒன்று வரைந்து, போட்டோ எடுத்து அனுப்பினார். அந்த ஆள் திருத்தினார். கொ சரியாக வந்தது, டை கவிழ்ந்தது. இவர் மறுபடி புகார் எழுதினார். அந்த ஆள் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டு மறுபடி திருத்தினார். இவர் சாப்பிடவும் மறந்து அதிலேயே கிடந்தார்.

சந்தை அன்று டிவியில் கொடைக்கானல் முழுசாக, நிமிர்ந்து ஓடியது. ரிவர்ஸ் என்று சொன்ன டிரைவரே சத்தமாக எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, டீ வாங்கிக்கொடுத்தார்.

தணிகாசலம் டீ குடித்த வாயோடு மாடியேறினார். குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த டீச்சரிடம், சுள்ளிதான் என்று முடிவு பண்ணிவிட்டதைச் சொன்னார். சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரைத் திறந்து எதையோ தட்ட ஆரம்பித்தார்.

என்ன எழுதுகிறீர்கள் என்று அவள் கேட்டாள்.

யாரோ பாலக்காட்டுக்காரராம். மலையாளத்திலும் கொம்பு பின்னால் போகிறதாம். சுள்ளியில் புகார் போட்டிருக்கிறார். அது எங்கே கவிழும் என்று எனக்குத் தெரியும், அதனால் சொல்லிக்கொடுக்கிறேன் என்றார் தணிகாசலம்.

பிறகு கை நின்றது. முகத்தில் ஒரு கவலை வந்தது.

"அது சரி டீச்சர். அந்த வெளிதேசத்து ஆளு ஒருநாள் சலிச்சுப் போய் விட்டுட்டா? அதுக்கப்புறம் இந்தச் சுள்ளியை யாரு பாத்துக்குவா?"

மெஹராஜுக்குச் சிரிப்பு வந்தது. குழந்தையும் எதற்கென்று தெரியாமல் சேர்ந்து சிரித்தது.

"மொதல்ல அந்தப் பாலக்காட்டுக்காரருக்குப் பதிலைப் போடுங்கண்ணே. காத்துக்கிட்டிருப்பாரு."