நத்தம் பஸ்ல கண்டக்டரம்மா சொன்ன பதில்

ஒரு ஊர்ல ஒரு கண்டக்டரம்மா இருந்தா. ஊரு திண்டுக்கல், பேரு திலகராணி. ஆமாடா தங்கம், உங்க சித்திதான், என் கூடப் பொறந்தவ. நீ பொறக்குறதுக்கு முன்னாடி நடந்தது. "ம்" கொட்டிக்கிட்டே வா, அப்பத்தான் பெரியம்மா சொல்லுவேன்.

"ம்."

நத்தம் பஸ்ல ஏறி அவ பீப்பீன்னு விசில் அடிச்சா, சந்தைக் கூட்டமே ரெண்டடி தள்ளி நிக்கும். அப்பேர்ப்பட்டவளுக்கு மார்ல ஒரு கட்டி வந்துச்சு. டாக்டரு பாத்துட்டு, "கேன்சர்தாம்மா. ஆனா சீக்கிரமே வந்துட்டீங்க, கீமோ போட்டுச் சரி பண்ணலாம்"னாரு. கீமோன்னா மருந்து, கண்ணு. கை நரம்பு வழியா சொட்டுச் சொட்டா ஏத்துவாங்க. அது கெட்டதை அடிக்கும், கூடவே முடியையும் கொட்ட வெச்சிரும்.

அவளுக்கு இடுப்பு வரைக்கும் முடி. ஒரு நாள் தலை சீவ உக்காந்தா, பொலபொலன்னு சீப்போட வந்துருச்சு. அழுதா. நானும் அழுதேன். அப்புறம் மூக்கைச் சிந்திட்டு, "அக்கா, கத்திரியை எடு. இது கொஞ்சம் கொஞ்சமா என்னை விட்டுப் போக வேணாம், நானே எறக்கி விட்டுர்றேன்"னா. நான் வெட்டிக்கிட்டே வந்தேன். அவ தலை ஆடவே இல்ல.

"ம்."

அப்புறம் வாயெல்லாம் புண்ணு. எதைத் தின்னாலும் சில்லறைக் காசை வாயில போட்ட மாதிரி இருக்குன்னா. அடுப்பில கடுகு படபடன்னாலே அவளுக்குக் குபுக்குன்னு குமட்டும். கஞ்சியை ஆறவெச்சுக் கொடுப்பேன். "சாப்பாடு இல்லக்கா இது, ட்யூட்டி"ன்னு சொல்லிக்கிட்டே ஒவ்வொரு கரண்டியா முழுங்குவா.

அப்புறம் மருந்தெல்லாம் முடிஞ்சு, வேலைக்குப் போலாம்னு டாக்டரு சொல்லிட்டாரு. முடி இன்னும் மொளைக்கல. விக்கு வெச்சுப் பாத்தா, வேர்த்து நமநமன்னு அரிச்சுது. கழட்டி வெச்சுட்டு, காக்கிச் சட்டையோட மொட்டைத் தலையாவே பஸ் ஏறிட்டா.

மொத நாள் ஒரு பெரியவரு, "என்னம்மா, பழனியில முடி எறக்கினியா?"ன்னாரு. "ஆமாய்யா"ன்னுட்டா. மறுநாள் ஒரு பூக்காரம்மா, "எந்தக் கோயிலுக்கு?"ன்னா. டிக்கெட்டைக் கிழிச்சுக் கொடுத்துட்டுப் பேசாம நகர்ந்துட்டா. அன்னிக்கு வீட்டுக்கு வந்து, "பொய்யும் சொல்லிப் பாத்தேன், வாயையும் மூடிப் பாத்தேன். ரெண்டுமே நெஞ்சுல கனக்குதுக்கா"ன்னா.

தூங்கிட்டியா?

"இல்ல... ம்."

மூணாவது நாளு, பஸ் நெறைய ஆளு. பின்சீட்ல இருந்து ஒருத்தரு, "கண்டக்டரம்மா, சாமிக்கு என்ன வேண்டுதல்?"னு சத்தமா கேட்டாரு. இவ ஊர் பேரு சொல்லிக் கூப்புடுற அதே கொரல்ல, "வேண்டுதல் இல்லண்ணே. எனக்கு மார்ல கேன்சர். கீமோ போட்டேன், முடி கொட்டிருச்சு. இப்ப நல்லா இருக்கேன். டிக்கெட் வாங்காதவங்க வாங்குங்க"ன்னா.

அப்புறம் நத்தத்துல எல்லாரும் எறங்கிட்டாங்க. வெள்ளத்தாயின்னு ஒரு அம்மா மட்டும் எறங்கல. முந்தானையை முறுக்கிக்கிட்டே, "எனக்கும் ஒரு கட்டி இருக்கு தாயி. வீட்ல சொல்லல, பயமா இருக்கு"ன்னாங்க.

"எப்ப இருந்து?"

"பொங்கல்ல இருந்து."

"நாளைக்கு எனக்கு லீவு. நான் கூட வர்றேன், போவோம்"னா உங்க சித்தி. சொன்ன மாதிரியே கூட்டிட்டுப் போனா. அதுவும் கேன்சர்தான். ஆனா மருந்துக்கு அடங்குச்சு. அவங்க முடி கொட்டுன அன்னிக்கும் இவதான் பக்கத்துல உக்காந்திருந்தா. இப்ப அந்த அம்மா ஜம்முனு நடமாடுறாங்க.

அந்த அம்மாவுக்குக் கொணமாயிருச்சுன்னு கேட்ட அன்னிக்குத் தெருப்பூரா "என் தங்கச்சி, என் தங்கச்சி"ன்னு சொல்லிக்கிட்டே திரிஞ்சேன். இப்பவும் பாரு, நத்தத்துல ஏதாவது ஒரு பொம்பளைக்கு உடம்பைப் பத்திப் பயம் வந்துச்சுன்னா, முன்னாடி வர்ற பஸ் காலியா வந்தாலும் ஏற மாட்டாங்க. உங்க சித்தி பஸ் வரட்டும்னு நிப்பாங்க.

"..."

சரி, கதை டிப்போவுக்குள்ள போயிருச்சு. நீயும் கண்ணை மூடு, தங்கம்.