தீட்சைக்கு முன்னால் ஒரு பேப்பர் கட்டு

தணிகாசலம் பிரம்மத்தைத் தேடி வந்தவர். அவர் கையில் கிடைத்ததோ நாலாம் வகுப்பு அறிவியல் பேப்பர் கட்டு.

சேர்வராயன் மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சின்ன ஆசிரமத்தை நடத்தியவர் சுடரம்மா. தணிகாசலத்தைவிட வயதில் நன்றாகவே இளையவர். ஆனாலும் அங்கே எல்லோருக்கும் அவர் அம்மாதான். ஆசிரமத்தோடு ஒரு தொடக்கப்பள்ளியும் இருந்தது. மலைக் கிராமத்துப் பிள்ளைகள் காலையில் இறங்கி வந்து படித்துவிட்டுச் சாயங்காலம் ஏறிப் போவார்கள்.

தணிகாசலம் எடையளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். சேலத்தைச் சுற்றி, கறிக்கடைத் தராசிலிருந்து நகைக்கடைத் தராசு வரைக்கும் அவர் முத்திரை வைக்காதது கிடையாது. யாரிடமும் கை நீட்டியதில்லை, யாருக்கும் சலுகை காட்டியதில்லை. அந்தப் பெருமை ஒன்றைத்தான் அவர் வீட்டிலேயே விட்டுவிட்டு வரவில்லை.

தீட்சை வாங்காதவர்கள் வெள்ளை கட்டிக்கொள்ள வேண்டும் என்பது அங்கே முறை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவருக்கு 'அரைச்சாமி' என்று பேர் வைத்துவிட்டார்கள். அவர் காதில் விழாது என்று நினைத்துக்கொண்டு சத்தமாகவே கூப்பிட்டார்கள். காவி வேட்டியை அவர் எப்போதோ வாங்கி டிரங்குப் பெட்டியில் வைத்தாயிற்று. எடுத்துக் கட்டத்தான் வேளை வரவில்லை.

"அம்மா, வர்ற பௌர்ணமிக்காவது தீட்சை கிடைக்குமா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டார்.

சுடரம்மா அலமாரியிலிருந்து பேப்பர் கட்டை எடுத்து நீட்டினார்.

"மரகதம் டீச்சர் பிரசவத்துக்குப் போயிருக்காங்க. இதைத் திருத்திட்டு வாங்க. சரியா திருத்தியிருந்தா பௌர்ணமிக்கே வச்சுக்கலாம்."

தணிகாசலம் கட்டைப் பார்த்தார். மேலே இருந்த பேப்பரில் ஒரு தவளை அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இதுவாம்மா?"

"இதுதான்."

"விடைக்குறிப்பு ஏதாவது?"

"பாடப்புத்தகம் இருக்கு. ஆனா வகுப்புல பிள்ளைங்க என்னென்ன செஞ்சு பார்த்தாங்கன்னு மரகதத்துக்குத்தான் தெரியும். நீங்க பார்த்துத் திருத்துங்க."

இது ஒரு பெரிய வித்தையா என்று நினைத்துக்கொண்டார் தணிகாசலம்.

மறுநாள் காலையில் உப்புமா அடிப்பிடித்துவிட்டது. தீய்ந்த வாடை என்றாலே அவருக்கு ஆகாது. சமையல்கட்டில் சிவகாமியிடம் சத்தம் போட்டார். அந்தம்மாளும் சளைக்காமல் திருப்பிக் கொடுத்தாள். தட்டை அப்படியே வைத்துவிட்டு வந்து, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கட்டைப் பிரித்தார்.

முதல் பேப்பர் மாதையனுடையது. தவளையின் வாழ்க்கைச் சுழற்சியைப் படம் வரைந்திருந்தான். முட்டை, தலைப்பிரட்டை, தவளை எல்லாம் வரிசையாகத்தான் இருந்தன. ஆனால் தலைப்பிரட்டைக்குச் சிரிக்கிற வாய் வைத்திருந்தான்.

"பரீட்சையில என்னடா விளையாட்டு" என்று முணுமுணுத்துக்கொண்டே பாதி மதிப்பெண்ணை வெட்டினார்.

வேலை ஓடியது. சில பேப்பர் தாண்டி பரணிதரன் பேப்பர் வந்தது. தணிகாசலத்துக்குக் கண் குளிர்ந்துவிட்டது. மணி மணியான எழுத்து, ஓரத்தில் கோடு, தலைப்புக்கெல்லாம் அடிக்கோடு. 'வெந்நீரின் வெப்பநிலையைக் கையால் தொட்டுச் சரியாகச் சொல்ல முடியுமா? காரணம் கூறுக' என்ற இரண்டு மதிப்பெண் கேள்விக்கு, புத்தகத்தில் இருக்கிறபடியே 'முடியாது, வெப்பநிலைமானியால் மட்டுமே துல்லியமாக அளக்க முடியும்' என்று எழுதி, கேட்காமலேயே ஒரு வெப்பநிலைமானிப் படமும் வரைந்திருந்தான். இரண்டுக்கு இரண்டு போட்டுப் பக்கத்தில் 'நன்று' என்றும் எழுதினார்.

அடுத்த பேப்பர் கனிச்செல்வி என்ற பெண்ணுடையது. எழுத்து மேலேயும் கீழேயும் ஏறி இறங்கியது. அதே கேள்விக்கு இப்படி எழுதியிருந்தாள்: 'முடியாது. கைக்கு முன்னாடி தொட்டதுதான் ஞாபகம் இருக்கும். அதை வச்சுத்தான் சூடு குளிர் சொல்லும்.'

"கைக்கு ஞாபகமாம்! கதை அளக்குது பாரு" என்று சொல்லி ஒரு சைபரைப் போட்டார். பெரிய சைபர்.

மத்தியானத்துக்கு மேல் டீ வந்தது. சிவகாமி கோபம் ஆறி, இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுத்தனுப்பியிருந்தாள். டீயைக் குடித்துவிட்டு எடுத்த பேப்பரில் ஒருத்தி தலைப்பிரட்டைக்கு நெற்றியில் பொட்டு வைத்திருந்தாள். தணிகாசலம் வாய்விட்டுச் சிரித்தார். படத்துக்கு முழு மதிப்பெண் போட்டார்.

சாயங்காலம் முடிக்கிற நேரத்தில் வந்த ஒரு பேப்பர் அவரை உலுக்கிவிட்டது. அந்தப் பையன் எந்தக் கேள்விக்கும் பதில் எழுதவில்லை. கேள்விகளையே அழகாகப் பார்த்துப் பார்த்து எழுதிக் கொடுத்திருந்தான். பக்கத்துக்குப் பக்கம் சைபர் போட்டே அவர் கை ஓய்ந்தது. அதற்கு அடுத்து வந்தது சௌந்தரி பேப்பர். 'முடியாது. கைக்கு முன்னாடி எதைத் தொட்டமோ அந்த ஞாபகம்தான் இருக்கும்' என்று இருந்தது.

"இதாவது சொந்தமா யோசிக்குதே" என்று இரண்டு மதிப்பெண் போட்டார்.

கட்டை அன்றைக்கே அம்மாவிடம் கொண்டுபோய் வைத்தார். சுடரம்மா நிதானமாகப் புரட்டிப் பார்த்தார். பிறகு கட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"மறுபடி பாருங்க."

தணிகாசலத்துக்குப் புரியவில்லை. ராத்திரி விளக்கைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பேப்பரிலும் கூட்டலைச் சரிபார்த்தார். ஓர் இடத்தில்கூடத் தப்பில்லை. காலையில் அதைச் சொன்னார்.

"கூட்டல் சரிதான்" என்றார் அம்மா. "மறுபடி பாருங்க."

கஞ்சத்தனமாகப் போட்டுவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்தார். அங்கே ஒன்று, இங்கே அரை என்று நிறையப் பேருக்குக் கூட்டிப் போட்டார். கனிச்செல்வியின் சைபரில் மட்டும் கை வைக்கவில்லை. கதைக்கெல்லாம் மதிப்பெண் கொடுத்தால் உருப்பட்ட மாதிரிதான்.

அம்மா புரட்டினார். "இது என்ன, அங்கங்க அரை அரையா?"

"கொஞ்சம் தாராளமா போட்டேன்மா."

"கோயில் வாசல்ல உட்கார்ந்திருக்கறவங்களுக்குப் போடுற மாதிரியா?"

தணிகாசலம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளைங்ககிட்டக் குடுத்துப் பாருங்க" என்றார் அம்மா.

கொடுத்தார். பேப்பரைக் கொடுத்தால் எந்தப் பிள்ளை தன்னுடையதைப் பார்க்கும்? பக்கத்தில் இருப்பவள் பேப்பரைத்தான் முதலில் பிடுங்கும். கொஞ்ச நேரத்தில் கனிச்செல்வி கையில் இரண்டு பேப்பரோடு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"சாமி."

அரைச்சாமி என்று சொல்லவில்லை. அதுவே அவருக்கு என்னவோ போல் இருந்தது.

"என்ன? மார்க் பத்தலையா?"

"மார்க் வேணாங்க சாமி. சௌந்தரி எழுதுனதும் நான் எழுதுனதும் ஒண்ணுதான். அவளுக்கு சரின்னு போட்டிருக்கீங்க. எனக்குத் தப்புன்னு போட்டிருக்கீங்க. எது சரின்னு மட்டும் சொல்லுங்க."

"அவளைப் பார்த்து நீ எழுதினியா? உன்னைப் பார்த்து அவ எழுதினாளா?"

"ரெண்டு பேரும் எங்க வீட்டுல சேர்ந்து செஞ்சு பார்த்தோம் சாமி. மரகதம் டீச்சர் செஞ்சு காட்டுன மாதிரியே. அப்ப எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுச்சு."

தணிகாசலம் இரண்டு பேப்பரையும் வாங்கிப் பார்த்தார். ஒன்றில் இரண்டு. ஒன்றில் சைபர். இரண்டும் அவர் கையெழுத்து.

"புத்தகத்துல என்ன போட்டிருக்கு? வெப்பநிலைமானி. அதை எழுதினா முடிஞ்சுது."

அந்தப் பெண் நகரவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப என் கைக்குத் தெரிஞ்சது தப்புங்களா? நோட்டுல எழுதி வச்சதை அடிச்சுட்டு மாத்தி எழுதிக்கட்டுமா?"

"எதையும் அடிக்க வேண்டாம். போ. அப்புறமா சொல்றேன்."

அவள் போய்விட்டாள். தணிகாசலத்துக்கு வந்த ஆத்திரம் யார் மேல் என்று அவருக்கே தெரியவில்லை. மரகதம் டீச்சர் மேலா, தவளை மேலா, இந்தப் பெண் மேலா? விடிந்தால் பௌர்ணமி. பிள்ளைகளிடமிருந்து பேப்பர்களைத் திரும்ப வாரிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அம்மாவின் அறைக்கு நடந்தார்.

"அம்மா, தீட்சை தர இஷ்டம் இல்லைன்னா நேராவே சொல்லிடுங்க. எதுக்கு இந்த அலைக்கழிப்பு? நான் ஆத்மா என்னன்னு கேட்டு வந்தேன். நீங்க தலைப்பிரட்டைக்கு எத்தனை மார்க்குன்னு கேக்கறீங்க. என் சர்வீஸ் பூராவும் ஒருத்தன் என் நியாயத்தைக் குறை சொன்னதில்லை. இங்க ஒரு நாலாங்கிளாஸ் பொண்ணு வந்து கேள்வி கேக்குது!"

"என்ன கேட்டா?"

சொன்னார். நோட்டில் அடிக்கட்டுமா என்று கேட்டதையும் சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கிற்று.

சுடரம்மா கேட்டுக்கொண்டார். பிறகு சம்பந்தமில்லாமல் ஒன்று கேட்டார்.

"கடைக்குச் சோதனைக்குப் போனா முதல்ல என்ன பார்ப்பீங்க?"

"வெறும் தட்டைத்தான். ஒண்ணும் வைக்காதப்பவே முள் நடுவுல நிக்குதான்னு பார்க்கணும். அதுலயே கோளாறுன்னா அப்புறம் எடைக்கல்லை எடுக்கவே வேண்டாம்" என்றார் தணிகாசலம், கோபத்திலும் தொழில் பெருமை விட்டுப்போகாமல்.

அம்மா எழுந்து போனார். குளிக்க வைத்திருந்த வெந்நீரைக் கொஞ்சம் விளாவி ஒரு குண்டானில் கொண்டுவந்தார். பானைத் தண்ணீரை இன்னொன்றில் ஊற்றினார். நடுவில் ஒரு குண்டான் வைத்து, இரண்டிலிருந்தும் மொண்டு கலந்தார்.

"இடது கையை வெந்நீர்ல விடுங்க. வலது கை பானைத் தண்ணியில."

"அம்மா, நான் என்ன கேக்கறேன், நீங்க என்ன..."

"விட்டுக்கிட்டே கேளுங்க."

விட்டார். விட்டுக்கொண்டே கேட்டார். வந்த நாளிலிருந்து மனதில் கிடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தார். பிள்ளைகள் வைத்த பேர், பெட்டியில் தூங்குகிற காவி, தனக்குப் பின்னால் வந்து தனக்கு முன்னால் தீட்சை வாங்கிக்கொண்டு போன சின்னப் பையன் ஒருவன், எல்லாம் வந்தது. அம்மா, அவர் ஓய்ந்த பிறகு சொன்னார்.

"இப்ப ரெண்டு கையையும் நடுக் குண்டான்ல வைங்க."

வைத்தார்.

"இடது கை என்ன சொல்லுது?"

"ஜில்லுன்னு இருக்குங்குது."

"வலது?"

"வெதுவெதுன்னு இருக்குங்குது."

"தண்ணி ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான்."

"எந்தக் கை சொல்றது சரி?"

"ரெண்டுமே சரியில்லம்மா. அதது முன்னாடி எதுல இருந்துச்சோ அதை வச்சுத்தான்..."

தணிகாசலம் நிறுத்திக்கொண்டார். கையை எடுக்கவும் தோன்றாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்னப் பிள்ளை மாதிரி முகம் சிவந்துவிட்டது.

"கனிச்செல்வி பேப்பருக்கு முன்னாடி யார் பேப்பர் இருந்தது?" என்று கேட்டார் அம்மா.

"பரணிதரன். அடிக்கோடு போட்டவன்."

"சௌந்தரிக்கு முன்னாடி?"

"கேள்வியவே எழுதி வச்சவன்."

வெளியே பள்ளிக்கூடம் விடுகிற மணி அடித்தது. பிள்ளைகள் மலையேறக் கிளம்புகிற இரைச்சல் கேட்டது.

"அந்தப் பேப்பரைக் குடுங்கம்மா" என்றார் தணிகாசலம். "ரெண்டு மார்க் போட்டு, அந்தப் பொண்ணு கிளம்பறதுக்குள்ள நானே போய்ச் சொல்லிட்டு வந்துடறேன். நீ எழுதினதுதான் சரி, நோட்டுல அடிக்காதேன்னு சொல்றேன். அதோட எல்லாம் சரியாயிடும்."

"போய்ச் சொல்லிட்டு வாங்க."

ஓடினார். வாசலில் கனிச்செல்வியைப் பிடித்துச் சொன்னார். திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது. மனசு லேசாக இருந்தது. பெட்டியில் இருக்கிற காவியை ராத்திரியே எடுத்து உதறி வைக்க வேண்டும் என்றுகூட நினைத்துக்கொண்டார்.

அம்மா பேப்பர் கட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்திருந்தார்.

"மத்த பேப்பருக்கெல்லாம் முன்னாடியும் ஒரு பேப்பர் இருந்துச்சே?" என்றார்.

தணிகாசலம் கட்டைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார்.

"விடிஞ்சா பௌர்ணமிம்மா."

"ஆமா."

தணிகாசலம் கட்டைக் கையில் எடுத்தார். மேலே மாதையனின் தலைப்பிரட்டை சிரித்துக்கொண்டிருந்தது. அலுத்துப்போன குரலில் கடைசியாக ஒரு முறை பேரம் பேசிப் பார்த்தார்.

"முதல் பேப்பருக்கு முன்னாடி எதுவும் இல்லையேம்மா. அதை மட்டுமாவது அப்படியே விட்டுடலாமில்ல?"

"அன்னைக்கு உப்புமா தீஞ்சு போயிருந்தது" என்றார் சுடரம்மா.